வெட்டி எடுத்த ஒன்பது விநாடிகள்

நீலாம்பிகா அங்கடி பன்னிரண்டு வருஷம் நின்றபடியே சம்பாதித்தவள். ஹுப்பள்ளி கோகுல் ரோட்டில் இருக்கும் ஒரு குக்கர் கம்பெனியில், செய்துகாட்டும் வேலை. தார்வாட், கதக், ஹாவேரி, ராணிபென்னூர் என்று ஊர் ஊராகப் போய், பாத்திரக்கடை வாசலில் மேசையும் அடுப்பும் போட்டு, வருகிற பெண்களுக்குக் குக்கரைத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். சாயங்காலம் கால் இரண்டும் கல்லாகக் கனக்கும். ஆனால் அந்த வேலையில் அவளுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டிருந்தது. எதிரே நிற்கிறவள் தலையாட்டுவதை நம்பக் கூடாது, அவள் கையைப் பார்க்க வேண்டும். ரப்பரை எந்தப் பக்கம் வைப்பது என்று அந்தக் கை ஒரு கணம் தயங்கினால், அந்த இடத்தை மூன்று முறை சொல்லுவாள். ‘நீலக்கா நின்னா சரக்கு நிக்காது’ என்பார்கள் கடைக்காரர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கம்பெனி கடை வாசல் மேசைகளை எடுத்துவிட்டது. செய்துகாட்டிய ஒன்பது பெண்களில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீலாம்பிகாவை மட்டும் ஆபீசுக்குள் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்கள். ஃபோன் வழி விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரிலிருந்து சுஹாஸ் நாட்கௌடா என்பவன் வந்திருந்தான். முப்பது வயது ஆகவில்லை, ஆனாலும் அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். விளம்பரம் வந்தால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால் அவர்களே ஃபோனை எடுத்துத் தேடுகிறார்கள், அந்த நேரத்தில் நாம் போய்ப் பக்கத்தில் நின்றால் அடுத்த குக்கர் நம்முடையதுதான் என்று அவன் விளக்கினான். அவளுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடை வாசல் ஃபோனுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷமாகப் பெண்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள், பேசினாள், செய்தாள். சுஹாஸ் படம் பிடித்தான். பருப்பு பொங்கி வழியாமல் இருக்க என்ன செய்வது, ரப்பர் இளகிப்போனால் என்ன செய்வது என்று அறுபத்து மூன்று வீடியோக்கள். முகம் காட்டுவதில்லை, கைகள் மட்டும்தான். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளுடைய பச்சை வளையல்களையே பார்த்துவிட்டு, “நீங்க அந்தக் குக்கர் அக்காதானே?” என்று கேட்டாள்.

ஆனால் ஒரு பயம் மட்டும் கரையவே இல்லை. எட்டுப் பேர் போனார்கள், அடுத்தது தானாக இருக்கலாம். திங்கட்கிழமைதோறும் சுஹாஸ் சுவர்த் திரையில் ஒரு கோட்டைக் காட்டுவான். வீடியோ ஓடும்போது ஒவ்வொரு விநாடியும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு. அது சரியும் இடத்தை நீலாம்பிகா நோட்டில் குறித்துக்கொள்வாள்.

சேஃப்டி வால்வை மாற்றுவது பற்றிய வீடியோ ஒரு நிமிஷம் ஒன்பது விநாடி இருந்தது. அதன் தொடக்கத்தில் அவள் மூடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். வெயிட் போடும் குழாய் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், பிறகுதான் வால்வு என்று சொல்வாள். அந்த ஒன்பது விநாடிக்குள் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதை எடுத்துவிடலாம் என்றான் சுஹாஸ்.

“சார், அது வேணுமே,” என்றாள்.

“வால்வு மாத்தறது எப்படின்னு தேடி வர்றவங்களுக்குக் குழாயைப் பத்தி எதுக்கு நீலக்கா? அதைத் தனியா ஒரு வீடியோவாப் போட்டுடலாம்.”

வால்வு போவதே குழாய் அடைத்துக்கொள்வதால்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆவிக்குப் போக வழி இல்லாவிட்டால் அது வால்வைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். புதிதாக எத்தனை மாட்டினாலும் பிய்க்கும். ஆனால் வீட்டுக்குப் போன எட்டுப் பேரை நினைத்துக்கொண்டு சரி சார் என்றாள். தனி வீடியோ எடுக்க நேரம் வரவே இல்லை. வெட்டிய வீடியோ சரியாக ஒரு நிமிஷம். நாலு மாசத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை ஆபீசில் கைதட்டி, தார்வாட் பேடா இனிப்பு கொடுத்தார்கள். அவளும் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வீடியோவின் கீழே வந்திருந்த கமென்ட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். நன்றி, அருமை, கும்பிடும் கைகள் என்று வரிசையாக வந்த நூற்றுக்கணக்கானவற்றுக்கு நடுவே, ஆறு நாளைக்கு முன்பு வந்த ஒன்று இருந்தது. மல்லவ்வா ஹூகார் என்று பெயர்.

‘நீங்க சொன்னபடியே புது வால்வு போட்டேன் மேடம். பத்து நாள்ல பிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னொண்ணு போட்டேன், அதுவும் போச்சு. இப்ப மூணாவது வாங்கியிருக்கேன். நாளைக்குப் போடணும். பன்னெண்டு லிட்டர் குக்கர். ஏதாவது தப்பாப் பண்றேனா?’

நீலாம்பிகா தேதியைப் பார்த்தாள். நாளைக்கு என்று எழுதி ஆறு நாள் ஆகிவிட்டது. பன்னிரண்டு லிட்டர் குக்கரில் கொதிக்கும் பருப்பு கூரை வரைக்கும் போகும். அடுப்படியில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல்தான் திரும்பி விழும். அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்று நம்பரோடு பதில் போட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தாள். பதில் இல்லை.

அந்தப் பதிலைப் பார்த்த சுஹாஸ் எழுந்து வந்தான். “இப்படிப் பகிரங்கமாப் போட்டா தப்பை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? சர்வீஸ்காரங்களுக்கு அனுப்பிடுங்க, அவங்க பாத்துப்பாங்க,” என்றான். அனுப்பினாள். பில் நம்பர் இல்லாமல் புகாரைப் பதிய முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

அன்று வீட்டில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் வீரபத்ரன், என்னவென்று கேட்டான். சொன்னாள். அவன் ரொட்டியைப் பிட்டு எண்ணெய்க் கத்தரிக்காயில் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பிரேக் சந்தேகம்னா வண்டியைக் கேட்டுக்கு வெளிய விடமாட்டோம். பேப்பரெல்லாம் அப்புறம்தான்,” என்றான். அவள் தன் தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் போனதும் வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். சுஹாஸ் தலையைப் பிடித்துக்கொண்டான். தீபாவளி விற்பனைக்கு மூன்று வாரம்கூட இல்லை, இருப்பதிலேயே அதிகம் ஓடும் வீடியோ அதுதான், முதலாளி புனாவிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருகிறார், அவரைக் கேட்காமல் தொட முடியாது என்றான். அவன் கெட்டவன் அல்ல. அவனுக்கும் ஒரு கோடு இருந்தது, அதைப் பார்த்து அவனை மேலே இருந்து கேள்வி கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

நீலாம்பிகா மாடிப்படியில் போய் உட்கார்ந்து, பழைய கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். பன்னிரண்டு லிட்டர் குக்கருக்கு வால்வு கேட்டு அடிக்கடி வந்த பெண் யாராவது உண்டா? ஹாவேரியில் இல்லை. ராணிபென்னூரில் ஃபோனை எடுக்கவில்லை. கொப்பளத்தில் ஒருவர் பழைய கதையெல்லாம் பேசிவிட்டு இல்லை என்றார். ஏழாவதாகக் கதக்கில் பாபண்ணாவைப் பிடித்தாள்.

“மல்லவ்வாவா? பெட்டகேரியில கானாவளி வெச்சு மாசச் சாப்பாடு போடறா. என்கிட்டத்தான் ரெண்டு வால்வு வாங்கினா. மூணாவது கேட்டப்போ ஸ்டாக் இல்ல, வேற எங்கயோ வாங்கியிருப்பா.”

“அவங்க நம்பர் இருக்கா அண்ணா?”

“இல்லையே. ஆனா ஒண்ணு நீலக்கா, அந்தப் பக்கமாப் போனேன். அஞ்சாறு நாளா கானாவளி பூட்டிக் கெடக்கு.”

அவள் நன்றிகூடச் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கதக் போகும் பாசஞ்சரில் ஏறினாள். உடம்பு சரியில்லை என்று சுஹாஸுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், அது முழுப் பொய்யும் அல்ல. ரயில் அண்ணிகேரியில் நின்றபோது ஃபோனைத் திறந்தாள். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று காட்டியது. நேற்றிலிருந்து இன்றைக்குள் இரண்டாயிரம் பேர். அந்த இரண்டாயிரத்தில் எத்தனை பேர் வீட்டுக் குழாய் அடைத்திருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. கடவுச்சொல் அவளிடமும் இருந்தது. வீடியோவை மறைக்கவா என்று ஃபோன் கேட்டது. விரல் அங்கேயே நின்றது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட எட்டுப் பேரில் ஒருத்தி இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதெல்லாம் ஞாபகம் வந்தது. ரயில் நகரத் தொடங்கியபோது அழுத்திவிட்டாள்.

கதக்கை ஒட்டிய பெட்டகேரியில் இறங்கிய இடத்திலிருந்தே தறிச் சத்தம் கேட்டது. கானாவளியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாபண்ணா சொன்னபடி பூட்டு தொங்கியது. கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் கவிழ்த்து வைத்த தட்டுகள்தான் தெரிந்தன. பக்கத்து வீட்டு வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் விசாரித்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. குக்கர் வெடிச்சுச்சே, தெரியாதா? நீங்க யாரு, சொந்தமா?”

நீலாம்பிகா கானாவளிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு காயம் என்று கேட்க வேண்டும். கேட்டு, அந்தப் பெண் ஏதாவது சொல்லிவிட்டால்? முகத்தில் பட்டிருக்கும் என்றும், கண் போயிருக்கும் என்றும் அவளாகவே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தாள். சூட்டில் கல்படி கொதித்தும் எழுந்திருக்கவில்லை. ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

கடைசியில் ஓர் ஆட்டோ நின்றது. ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள். இடது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெள்ளைக் கட்டு. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் இரண்டும் நன்றாக இருந்தன. அப்போதுதான் நீலாம்பிகா படியிலிருந்து எழுந்தாள்.

“இன்னைக்குச் சாப்பாடு கெடையாதும்மா,” என்றாள் மல்லவ்வா, பூட்டைத் திறந்தபடி.

“சாப்பிட வரல. நான்தான் அந்த வால்வு வீடியோல பேசினவ.”

மல்லவ்வா அவளுடைய வளையல்களைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நீலாம்பிகா எதிர்பார்த்தாள். ஆனால் மல்லவ்வாவின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளையின் வெட்கம்.

“பதினோரு தடவை பாத்தேன் மேடம். நீங்க சொன்னதுல ஒண்ணும் விடல. எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்னுதான் தெரியல.”

உள்ளே கூட்டிப்போனாள். அடுப்புக்கு மேலே கூரையில் பெரிய மஞ்சள் கறை. மல்லவ்வா சற்றுத் தள்ளி ரொட்டி தட்டிக்கொண்டு நின்றதால் கையோடு போயிற்றாம், அடுப்பருகே குனிந்து நின்றிருந்தால் தலையில் கொட்டியிருக்குமாம். வீடியோவை மறுபடி ஓடவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்ததால் ஃபோன் மேலும் பருப்பு கொட்டிவிட்டது. அதனால்தான் பதில் வரவில்லை. பதினெட்டு கல்லூரிப் பையன்கள் மாச சாப்பாட்டுக்காரர்கள், எல்லோரும் ஒரு வாரமாக வேறு கானாவளிக்குப் போகிறார்கள் என்று கவிழ்த்த தட்டுகளைக் காட்டிச் சொன்னாள்.

நீலாம்பிகா குக்கர் மூடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். குழாய் வழியாகத் துளி வெளிச்சம்கூடத் தெரியவில்லை. மல்லவ்வாவையும் பார்க்கச் சொன்னாள். ஓர் ஊசியை வாங்கி, வெந்நீர் விட்டுக் குத்தினாள். காய்ந்த பருப்பு கல் மாதிரி இறுகியிருந்தது. ஊசி வளைந்தது, நிமிர்த்தி மறுபடி குத்தினாள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு கடுகளவு வெளிச்சம் வந்தது, பிறகு முழுதாக வந்தது.

மல்லவ்வா ஒற்றைக் கையால் மூடியை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதை ஏன் வீடியோவுல சொல்லல?”

“சொல்லியிருந்தேன். ஒன்பது விநாடி. அந்த இடத்துல ஜனங்க பாக்காமப் போயிடுறாங்கன்னு வெட்டிட்டோம்.” கம்பெனி வெட்டியது என்று சொல்லலாம்தான். அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. “வெட்டலாமான்னு கேட்டாங்க. நானும் சரின்னேன்.”

மல்லவ்வா மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள். வெட்கமெல்லாம் போய் இப்போதுதான் அவள் முகம் கானாவளிக்காரியின் முகமாக மாறியது.

“பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போறவன் என் கடையிலயும் உண்டு. அவன் அவசரத்துக்காக மிச்சப்பேருக்கும் பருப்பை அரை வேக்காட்டுல எறக்குவேனா?”

நீலாம்பிகா மன்னிப்புக் கேட்டாள். மல்லவ்வா வெயிலில் உட்கார்ந்திருந்தீர்களே என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மோரைக் குடித்த பிறகு நீலாம்பிகா ஓர் உதவி கேட்டாள். வீடியோ தன் ஃபோனில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அன்று எப்படிச் செய்தீர்களோ அப்படியே ஒருமுறை செய்துகாட்ட முடியுமா? மல்லவ்வா ஒற்றைக் கையால் ஆரம்பித்தாள். நீலாம்பிகா பன்னிரண்டு வருஷம் பழகியபடி கையை மட்டும் பார்த்தாள். மல்லவ்வா ஃபோனைத் திரும்பியே பார்க்கவில்லை. அவளுக்குக் கை ஈரம், கண் அடுப்பில், காது மட்டும்தான் வீடியோவில். ‘இந்தப் பக்கம் திருப்புங்க’ என்று வீடியோவில் நீலாம்பிகாவின் குரல் சொன்னது. எந்தப் பக்கம்? மல்லவ்வாவின் கை தயங்கியது. ‘இவ்வளவு இறுக்கினா போதும்’ என்றது குரல். எவ்வளவு? மறுபடி தயங்கியது. மூன்று லட்சம் பேர் கைகளும் அப்படி எங்கெங்கே தயங்கினவோ என்று நினைத்தாள். ஒவ்வொரு தயக்கத்தையும் எழுதிக்கொண்டாள். ஒரு நிமிஷ வீடியோவில் ஏழு இடங்கள்.

அதற்குள் சுஹாஸ் நாலு முறை கூப்பிட்டிருந்தான். ஐந்தாவது முறை எடுத்தாள்.

“வீடியோவைக் காணோம் நீலக்கா. யாரு எடுத்தது?”

“நான்தான் சார். இப்ப அந்தம்மா அடுப்படியில நிக்கிறேன். படம் அனுப்பறேன், பாருங்க.”

மல்லவ்வாவிடம் கேட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையையும் கூரைக் கறையையும் படம் எடுத்து அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று ஃபோன் காட்டியது. திரும்பக் கூப்பிடவில்லை. ஹுப்பள்ளிக்குத் திரும்பும் ரயிலில் நாளைக்கு நாற்காலி இருக்குமா என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் அவளை நிற்க வைத்தே கேட்டார்கள். அனுமதி இல்லாமல் கம்பெனி வீடியோவை எடுக்க அவள் யார், பொய் சொல்லி லீவு போட்டது ஏன், கம்பெனி பெயரைச் சொல்லி அடிபட்டவள் வீட்டுக்குப் போக யார் சொன்னது? எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார் முதலாளி. தருகிறேன் என்றாள். குழாய் அடைத்தால் வால்வு போகும் என்பதையும் அதிலேயே எழுதுவேன் என்றாள்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சுஹாஸ் பேசினான். “அந்த ஒன்பது விநாடியை எடுக்கச் சொன்னது நான் சார். அவங்க வேணும்னுதான் சொன்னாங்க. விளக்கம் நானும் எழுதறேன்.”

முதலாளி சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார். குழாயைப் பார்க்காமல் வால்வை மாற்றச் சொல்வது தப்புதான் என்று அவர் சொன்ன பிறகே அறையில் காற்று வந்தது. வேலை போகவில்லை. பெயருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பழைய வீடியோவைப் பார்த்து வால்வு மாற்றியவர்கள் முதலில் குழாயைச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனியின் பெயரிலேயே அறிவிப்புப் போட்டார்கள். மல்லவ்வாவின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, புதுக் குக்கரும் அனுப்பியது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். பருப்பை மட்டும் பழையதிலேயே வேக வைக்கிறாளாம், தினம் மூடியை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு.

புது வீடியோவை மல்லவ்வாவின் அடுப்படியிலேயே எடுத்தார்கள். வெளிச்சம் பார்ப்பதுதான் முதலில் வருகிறது. நீலாம்பிகா அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்காமலே கேட்டால் புரிகிறதா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சுஹாஸைப் படம் எடுக்க விட்டாள். வலது பக்கம், இடது பக்கம், கையால் இறுக்கிய பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று என்று வாயாலேயே எல்லாவற்றையும் சொல்கிறாள். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. தீபாவளிக்குள் நாற்பதாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. கோடு அதே இடத்தில்தான் சரிகிறது.

இப்போது மிச்சமிருக்கும் அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கிறாள். வெட்டிப்போன படிகள் இன்னும் நாலு வீடியோவில் இருந்தன. இரண்டைத் திருத்தியாகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் முதலாளியின் சம்மதம் வர வேண்டும். ஆவியை வெளியேற்றி மூடியைச் சீக்கிரம் திறப்பது பற்றிய ஒன்று அதில் இருக்கிறது. அதைத் தினமும் எண்ணூறு பேர் பார்க்கிறார்கள். காலையில் பல் துலக்கும் முன்பே அவள் அதன் கமென்ட்டுகளைத்தான் முதலில் படிக்கிறாள். இந்த வாரமும் சம்மதக் கடிதங்களோடு முதலாளி அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அவள் எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், நின்று, பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த ஆவி வீடியோ ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.